டி மார்கனின் மறுபாதி: தகவல் அறிவியலும் தனிநிலைக் கணிதமும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எம்ஏ3354 என்று ஒரு பாடம் இருக்கிறது. கணினி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும் படிப்பவர்களுக்கு மூன்றாம் பருவத்தில் வரும் ‘டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்’, அதாவது தனிநிலைக் கணிதம். ஐந்து யூனிட்: தர்க்கமும் நிறுவல்களும், எண்ணல் கணிதம், கிராஃப்கள், இயற்கணித அமைப்புகள், லாட்டிஸும் பூலியன் இயற்கணிதமும். முந்தைய ஒழுங்குமுறைகளில் பாட எண் வேறு. சரக்கு ஏறக்குறைய இதேதான். முதல் யூனிட்டின் தொடக்கப் பக்கங்கள் நம் மாணவருக்குப் புதியவையும் அல்ல. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமே தனிநிலைக் கணிதம்தான். கூற்று, இணைப்புச் சொல், மெய்மை அட்டவணை எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன.

இப்படி இரண்டு முறை தர்க்கம் படித்த மாணவரிடம் தரவுத்தள ஆய்வகத்தில் ஒரு எளிய வினவலை எழுதச் சொல்லுங்கள்: “எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் பட்டியல்.” பெரும்பாலோர் திகைத்து நிற்பார்கள். மெய்மை அட்டவணையில் எட்டு வரிசையைப் பிழையில்லாமல் நிரப்பியவர்தான். அந்த அட்டவணைக்கும் இந்த வினவலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால், சம்பந்தம் கொஞ்சம்தான். அதுதான் சிக்கலே.

தகவல் அறிவியல் மாணவருக்குத் தர்க்கம் எதற்கு, அதில் எந்தப் பகுதி, எப்படிக் கற்றால் மனத்தில் நிற்கும் என்ற விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏசிஎம் 1968இல் வெளியிட்ட பாடத்திட்டத்திலேயே ‘தனிநிலை அமைப்புகள்’ என்று தனிப்பாடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆந்தனி ரால்ஸ்டன் இன்னொரு படி மேலே போனார்: கல்லூரியின் முதல் இரண்டாண்டுகளில் நுண்கணிதத்துக்குக் கொடுக்கும் இடத்துக்குச் சமமான இடத்தைத் தனிநிலைக் கணிதத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். கணிதத் துறைகள் முகம் சுளித்தன. பாடம் மட்டும் ஊன்றிக்கொண்டது. இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய புத்தகங்களில் ஒன்று 1975இல் வந்த டிரெம்ப்ளே–மனோகர். இன்றும் நம் பாடநூல் பட்டியல்களில் ரோசனின் பாடநூலுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

அந்தக் காலத்தின் அக்கறைகள் வேறு. குளோட் ஷானன் 1937இல் எம்ஐடியில் தம் முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுற்றுகளை பூலின் இயற்கணிதத்தால் விவரிக்கலாம் என்று காட்டியிருந்தார். அடுத்த நாற்பது ஆண்டு கணினியியல் என்றால் சுற்று வடிவமைப்பு, ஆட்டோமேட்டா, பிழைதிருத்தும் குறியீடுகள். அரைக்குலமும் மோனாய்டும் லாட்டிஸும் பாடத்தில் நுழைந்தது இந்த வழியாகத்தான். இன்றைய பாடத்திட்டம் இன்னும் அந்தச் சுற்றுக் காலத்தை நினைவில் வைத்திருக்கிறது. தகவல் அறிவியல் மாணவரின் அன்றாடமோ அட்டவணைகள், பட்டியல்கள், தேடல்கள், நகல் பதிவுகள்.

பாடப்பகுதியை விட்டுவிட்டு, தர்க்கம் படித்தால் சிந்தனை கூர்மையாகுமா என்ற பழைய நம்பிக்கையை முதலில் பார்த்துவிடலாம். 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வைத்தார். தமிழுக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவது அ, க், 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பலரும் ‘அ, 4’ என்பார்கள். சரியான விடை ‘அ, 7’. நான்குக்குப் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். இந்த வகைச் சோதனைகளில் படித்த பெரியவர்களிலேயே பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொல்கிறார்.

1982இல் கிரிக்ஸும் காக்ஸும் இதே சோதனையை வேறு வேடத்தில் வைத்தார்கள். விதி: பீர் குடிப்பவருக்கு 19 வயது கடந்திருக்க வேண்டும். அட்டைகள்: பீர், கோக், 22, 16. இப்போது ஏறத்தாழ முக்கால்வாசிப்பேர் சரியாகச் சொன்னார்கள். தர்க்க வடிவம் இரண்டிலும் ஒன்றுதான். காவல்காரராக நின்று பார்க்கும்போது தெரிவது, கணிதக்காரராக நின்று பார்க்கும்போது மறைந்துவிடுகிறது.

பாடம் நடத்துபவர்களுக்குச் சங்கடமான செய்தி 1986இல் வந்தது. செங், ஹோலியோக், நிஸ்பெட், ஆலிவர் ஆகிய நால்வரும், பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தர்க்கப் பாடம் படித்த மாணவர்களைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் வேசன் வகைக் கேள்விகளால் சோதித்தார்கள். சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. மாறாக, ‘இதைச் செய்ய வேண்டுமானால் இந்த நிபந்தனை நிறைவேறியிருக்க வேண்டும்’ என்ற அனுமதி, கடமை வடிவங்களில் கொடுத்த சிறு பயிற்சி பலன் தந்தது. 2013இல் அட்ரிட்ஜும் இங்லிஸும் பிரிட்டனில் பள்ளி மேல்நிலையில் கணிதம் எடுத்தவர்களை ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். கணித மாணவர்கள் தவறான அனுமானங்களை நிராகரிப்பதில் தேறியிருந்தார்கள். ஆனால் மெய்மை அட்டவணை சொல்லும் ‘எனில்’ அவர்கள் மனத்தில் ஏறியிருக்கவில்லை.

இதை வைத்துத் தர்க்கப் பாடமே வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனைகள் காட்டுவது இவ்வளவே: வெற்றுக் குறியீட்டில் கற்ற வடிவம் தானாக வேறிடத்துக்குத் தாவாது. எங்கே பயன்பட வேண்டுமோ அங்கேயே வைத்துக் கற்பிக்க வேண்டும். டிபால் பல்கலைக்கழகத்தின் சூசன்னா எப், தர்க்கத்தை நிறுவல் கற்பித்தலோடு சேர்த்தே நடத்த வேண்டும் என்று நெடுநாளாக எழுதிவருபவர். அவருடைய பாடநூல் 1990 முதல் பல பதிப்புகள் கண்டது. மாணவர் தவறு செய்யும் இடம் எது என்று தேடிப் போய் அங்கிருந்து தொடங்குவது அவருடைய முறை. நமக்கும் இது அந்நியமில்லை. மணிமேகலையின் தர்க்கப் பகுதியில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்புகளைச் சொன்னதோடு நிற்பதில்லை. அதைவிட நீளமாக அவற்றின் போலிகளை, எப்படியெல்லாம் வாதம் பிழைபடும் என்பதை, வகைவகையாக அடுக்குகிறார். நம் யூனிட் ஒன்றில் போலிகளுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம்?

இனி வினவலுக்கு வருவோம். தகவல் அறிவியலில் தர்க்கம் மிகக் கனமாக இறங்குவது இங்கேதான்.

தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் ‘ஏதேனும் ஒன்று இருக்கிறதா’ என்று கேட்க ‘எக்ஸிஸ்ட்ஸ்’ உண்டு. ‘எல்லாவற்றுக்கும்’ என்று கேட்க நேரடியான சொல் கிடையாது. எனவே “எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றவர்” என்பதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது: “எந்த மாணவருக்கு, அவர் தேர்ச்சி பெறாத பாடம் என்று ஒன்று இல்லையோ, அவர்.” இரண்டு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே: இந்த மாணவர் இந்தப் பாடத்தில் தேறியதற்குப் பதிவு இல்லை. வெளியே: அப்படிப்பட்ட பாடம் இல்லை. டி மார்கன் விதியை எல்லையில்லாத வரிசைக்கு நீட்டினால் கிடைப்பது இதுதான். ‘எல்லாம் ஆம்’ என்பதும் ‘இல்லை என்பது ஒன்றுகூட இல்லை’ என்பதும் ஒன்றே. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு வினவல் நான்கு வரி. புரியாதவர் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவார். ஒட்டியது சரியா என்று அவருக்குத் தெரியாது.

அதே வினவலை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாம். கல்லூரியில் புதிதாக ஒரு துறை தொடங்கியிருக்கிறார்கள். மாணவர்களைச் சேர்த்தாயிற்று, பாடங்களை இன்னும் தரவுத்தளத்தில் ஏற்றவில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் துறைப் பாடங்களை வைத்துச் சரிபார்க்கும் அந்த வினவலை ஓட்டினால், புதுத் துறையின் மாணவர் ஒருவர் விடாமல் ‘எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி’ பட்டியலில் வந்து நிற்பார்கள். தேறாத பாடம் ஒன்று இருந்தால்தானே விலக்க முடியும்? பாடமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ‘முன்கூற்று பொய் எனில் நிபந்தனைக் கூற்று மெய்’ என்று ஆசிரியர் சொன்னபோது, ‘அதெப்படி?’ என்று முணுமுணுத்துவிட்டு மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசை இங்கே உயிரோடு வருகிறது. வெற்றுண்மை என்பது தத்துவ விளையாட்டாகத் தோன்றியது அங்கே. இங்கே அது பட்டியலில் வரக்கூடாத பெயர்.

‘எல்லாம்’, ‘ஒன்று உண்டு’ என்று அளவு சொல்லும் குவாண்டிஃபையர்களின் வரிசையும் அப்படித்தான். “ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஆலோசகர் உண்டு”, “ஒரு ஆலோசகர் உண்டு, அவர் எல்லா மாணவருக்கும் ஆலோசகர்”. இரண்டும் வேறு வேறு தரவுத்தளங்களைக் கேட்கின்றன. 2000இல் டுபின்ஸ்கியும் இபராக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், இரண்டாம் வகைக் கூற்றுகளைப் பலர் முதல் வகையாகவே வாசிப்பது தெரிந்தது. பேச்சுத் தமிழும் நமக்கு உதவுவதில்லை. “எல்லாரும் வரவில்லை” என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேசுபவர் குரலை வைத்துத் தீர்த்துக்கொள்கிறோம். வினவலுக்குக் குரல் கிடையாது. எதிர்மறை எதற்கு வெளியே நிற்கிறது, எதற்கு உள்ளே என்பதை எழுதுபவரே அடைப்புக்குறியால் சொல்லியாக வேண்டும்.

மெய்மை அட்டவணையைக் குறைத்துப் பேசிவிட்டதுபோல் ஆகிவிட்டது. அதற்குரிய இடமும் உண்டு. ஆனால் நாம் நடத்தும் இரண்டு மதிப்பு அட்டவணை போதாது. ஒரு நூலகத்தில் இதுவரை யாரும் எடுக்காத புத்தகங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘புத்தக எண் இரவல் பதிவேட்டில் உள்ள எண்களில் இல்லாதவை’ என்று ‘நாட் இன்’ போட்டு எழுதுகிறோம். பதிவேட்டில் 205, 310 என்ற எண்களும், யாரோ எண்ணைக் குறிக்காமல் விட்ட ஒரு வரியும் இருக்கின்றன. அந்த வெற்றிடம்தான் ‘நல்’. புத்தகம் 101ஐ எடுத்துக்கொள்வோம். 101, 205க்குச் சமமில்லை: மெய். 310க்குச் சமமில்லை: மெய். வெற்றிடத்துக்குச் சமமில்லையா? தெரியாது. மெய்யும் மெய்யும் தெரியாததும் ‘அண்டு’ போட்டால் தெரியாது. ‘வேர்’ நிபந்தனை மெய்யானவற்றை மட்டுமே உள்ளே விடும். 101 வெளியே போய்விடுகிறது. அதேபோல் நூலகத்தின் மற்ற எல்லாப் புத்தகங்களும். விடை: பூஜ்யம் வரிசை. பிழைச்செய்தி எதுவும் வராது. ‘எல்லாப் புத்தகமும் எடுக்கப்பட்டிருக்கிறது, பரவாயில்லையே’ என்று நூலகர் மகிழவும் கூடும்.

மெய், பொய், தெரியாது என்ற மூன்று மதிப்பு அட்டவணையை ஒரு மணி நேரம் போட்டுக் காட்டினால் இந்தப் பிழை மாணவர் கண்ணுக்கு வாழ்நாள் முழுதும் தப்பாது. எம்ஏ3354இல் அதற்கு இடமில்லை. தரவுத்தளப் பாடத்தில் ‘நல்’ பற்றி ஒரு பத்தி வரும், தர்க்கமாக வராது. இரண்டு பாடங்களுக்கும் நடுவில் விழுந்த சந்து இது.

எட்கர் காட் 1970இல் ஐபிஎம்மில் இருந்தபடி எழுதிய கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களின் அடித்தளம். அவர் அட்டவணையை ‘ரிலேஷன்’ என்று கணப் பொருளிலேயே சொன்னார்: கணங்களின் கார்ட்டீசியன் பெருக்கலின் உட்கணம். பதினோராம் வகுப்பில் ‘தொடர்பு’ என்று நாம் படித்த அதே வரையறை. தொடர்புகளுக்கென்று ஒரு தர்க்கம் வேண்டும் என்று முதலில் முறையாக எழுதியவர்களில் முதன்மையானவர் யார் என்று பார்த்தால், அகஸ்டஸ் டி மார்கன். மாணவர்கள் இரண்டு விதிகளுக்காக மட்டும் தெரிந்துவைத்திருக்கும் அதே ஆள்.

டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டதால் மதுரை அவருக்கு எதையும் கற்றுக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது. நாமும் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் தகவல் அறிவியல் மாணவர் அவரைக் கவனிக்க வேறு காரணங்கள் உண்டு. 1847இல் பூல் தம் முதல் தர்க்க நூலை வெளியிட்ட அதே ஆண்டில் டி மார்கனும் தம் தர்க்க நூலை வெளியிட்டார். அதே ஆண்டு இன்னொரு புத்தகமும் கொண்டுவந்தார்: அச்சு தோன்றிய காலம் முதல் வந்த எண்கணித நூல்களின் விவரப் பட்டியல். 1853இல், ஒரு புத்தகத்தைப் பிழையில்லாமல் விவரிப்பது எவ்வளவு கடினம் என்று தனிக் கட்டுரையே எழுதினார். தர்க்கமும் நூற்பட்டியலும் ஒரே மேசையில் இருந்த மனிதர்.

பழைய அரிஸ்டாட்டிலியத் தர்க்கத்தால் முடியாத ஒன்றை அவர் சுட்டிக்காட்டினார். குதிரை ஒரு விலங்கு. ஆகவே குதிரையின் தலை ஒரு விலங்கின் தலை. சிறுபிள்ளைக்கும் தெரிவது. ஆனால் ‘எல்லா அ-வும் ஆ’ என்ற வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிறுவ முடியாது. ‘இன்னதன் தலை’ என்பது ஒரு பண்பல்ல, இரண்டு பொருள்களுக்கு இடையிலான தொடர்பு. 1860இல் தொடர்புகளின் தர்க்கம் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தர்க்கவியலாளர் பியர்ஸ் எடுத்து வளர்த்தார். அங்கிருந்து கிளைத்த வழியில்தான் இன்றைய பிரெடிகேட் தர்க்கம் நிற்கிறது. நம் வகுப்பறையில் டி மார்கனின் முதல் பாதி மட்டும் புழங்குகிறது. மறுபாதியான 1860 கட்டுரைதான் தகவல் அறிவியலுக்கு அதிகம் தேவை.

தொடர்பு என்ற கருத்து கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். நூலகப் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ ஒரே ஆளின் பெயர் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். எஸ். ராமசாமி, ராமசாமி எஸ்., எஸ். ராமஸ்வாமி. முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும் நம் வழக்கத்தில் இது இன்னும் மோசம். நகல்களை நீக்க ஒரு நிரல் எழுதுகிறோம்: ஓரெழுத்துக்கு மேல் வேறுபடாவிட்டால் ‘ஒத்த பெயர்’. இந்தத் தொடர்பு தற்சுட்டு; எந்தப் பெயரும் தனக்குத் தானே ஒத்தது. சமச்சீர், இது அதற்கு ஒத்ததென்றால் அது இதற்கும். ஆனால் கடப்பு இல்லை. கமலாவும் விமலாவும் ஓரெழுத்து வேறுபாடு. விமலாவும் விமலும் ஓரெழுத்து. விமலும் அமலும் ஓரெழுத்து. கமலாவும் அமலும்?

சமானத் தொடர்பு என்றால்தான் கணத்தை ஒன்றோடொன்று மோதாத பிரிவுகளாகப் பிரிக்க முடியும் என்பது பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. கடப்பு இல்லாத தொடர்பை, சங்கிலியாகத் தொடுவதையெல்லாம் சேர்த்துவிடும் கடப்பு அடைவு கொண்டு வலுக்கட்டாயமாகச் சமானத் தொடர்பாக்கினால் கமலா, விமலா, விமல், அமல் நால்வரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பட்டியல் பெரிதானால் சங்கிலியும் நீண்டு, பாதி ஊரே ஒரே பெயரில் அடங்கிவிடும். அடைவு எடுக்காவிட்டால் யாரை யாரோடு சேர்ப்பது என்று நிரலுக்குத் தெரியாது. இதற்குக் கணிதம் தீர்வு தருவதில்லை. சிக்கல் நிரலின் வேகத்தில் இல்லை, ‘ஒத்தது’ என்ற தொடர்பின் குணத்திலேயே இருக்கிறது என்று காட்டுகிறது. பிறந்த ஆண்டையோ ஊரையோ கூடுதலாகச் சேர்த்து வேறு தொடர்பைத் தேட வேண்டியதுதான். தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று வரையறை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர், இந்த உதாரணம் ஒன்றைத் தானே கையால் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

நூலக வழியிலேயே இன்னொருவர் இருக்கிறார். சீர்காழிப் பகுதியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். டி மார்கன் கணிதப் பேராசிரியராக இருந்த அதே கல்லூரி. லண்டன் கடை ஒன்றில் பார்த்த மெக்கானோ பொம்மைத் தொகுப்பு தம் பகுப்புமுறைக்கு வித்திட்டதாக ரங்கநாதனே சொல்லியிருக்கிறார். சில அடிப்படைத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிப் பலவற்றைச் செய்யலாம் அல்லவா? 1933இல் வந்த கோலன் பகுப்பு அதைத்தான் செய்தது.

மெல்வில் டூயியின் 1876 பகுப்பு ஒரு மரம்: ஒவ்வொரு தலைப்பும் ஏதோ ஒரு கிளையின் கீழ். ரங்கநாதன் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோர்க்கச் சொன்னார். கணிதமாகச் சொன்னால், மரத்தின் இடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல். பத்து துறை, பத்து இடம், பத்து காலம் என்று முப்பது பதிவுகளை எழுதி வைத்தால் ஆயிரம் தலைப்புகள் கிடைக்கும். மரத்தில் ஆயிரத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். இணையக் கடைகளில் நிறம், அளவு, விலை என்று இடப்பக்கம் வடிகட்டும் பெட்டிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. பெருக்கல் விதியை ‘மூன்று சட்டை, நான்கு பேன்ட்’ என்று நடத்திவிட்டுப் போகும் பாடநூல்கள் ரங்கநாதனை ஏன் தொடுவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

எண்ணல் கணிதத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. அது ஓரளவு நன்றாகவே நடக்கிறது. புறாக்கூண்டுத் தத்துவத்துக்கு ஒரு நல்ல உதாரணம் மட்டும் சொல்லிவிடலாம். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் தகவல் இழப்பில்லாமல் சுருக்கிவிடும் மென்பொருள் சாத்தியமா? பத்து பிட் நீளக் கோப்புகள் 1024. அதைவிடச் சிறிய கோப்புகள், வெற்றுக் கோப்பையும் சேர்த்து, மொத்தமே 1023. இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்தில் போய் விழுந்தே ஆக வேண்டும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. மூன்று வரியில் ஒரு முடியாமை நிறுவப்பட்டுவிட்டது. 32 பிட் ஹாஷ் 429 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புகள் தந்தாலும், ஏறக்குறைய 77,000 கோப்புகளிலேயே இரண்டு மோதிக்கொள்ள சரிபாதி வாய்ப்பு உண்டு என்ற கணக்கும் இதே குடும்பம்.

கணிதத் தொகுத்தறிதல்தான் சடங்காகிப் போனது. ஒன்றுக்கு மெய், கேவுக்கு மெய் எனக் கொள்க, கே பிளஸ் ஒன்றுக்கு நிறுவுக. ‘நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொள்கிறோமே’ என்ற சந்தேகம் பலருக்குக் கடைசிவரை தீர்வதில்லை. நிரலின் சுழற்சியோடு சேர்த்து நடத்தினால் தீரும்: சுழற்சி தொடங்கும் முன் ஒரு கூற்று மெய், ஒவ்வொரு சுற்றும் அந்த மெய்யைக் கெடுக்காது, எனவே முடியும்போதும் மெய். 1967இல் ஃபிளாய்டும் 1969இல் ஹோரும் நிரல்களை இந்த வழியில்தான் நிறுவத் தொடங்கினார்கள். அதற்கும் எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜான் பென்ட்லி தம் புத்தகத்தில் சரியென்று நிறுவிக் காட்டிய பைனரி தேடல், ஜாவா நூலகத்திலும் இருந்தது. 2006இல் ஜாஷுவா பிளாக் அதில் பிழை இருப்பதை எழுதினார். நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டும்போது 2,147,483,647ஐத் தாண்டினால் எண் எதிர்மறையாகிவிடுகிறது. நிறுவலில் பிழையில்லை. நிறுவல் முழு எண்களைப் பற்றியது. கணினியில் இருந்தது 32 பிட்.

எதை விடலாம்? குலங்கள், லாட்டிஸ் இரண்டையும் விருப்பப் பாடத்துக்கு அனுப்பலாம் என்பது என் கட்சி. எதிர்வாதம் வலுவானதே. ஆர்எஸ்ஏ மறையாக்கம் குலக் கோட்பாட்டின் மேல் நிற்கிறது. கேட் தேர்வின் கணினிப் பாடத்திட்டம் மோனாய்டு, குலம், லாட்டிஸ் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஆனால் லாக்ராஞ்சு தேற்றத்தை நிறுவிய சற்றைக்கெல்லாம் யூனிட் நான்கு முடிந்துவிடுகிறது, மறையாக்கம் வரை போவதில்லை. போகாத பாதைக்கு வாங்கும் சுங்கத்தைக் குறைத்து, அந்த மணி நேரத்தைக் குவாண்டிஃபையர்களுக்கும் தொடர்புகளுக்கும் கொடுத்தால் தகவல் தொழில்நுட்ப மாணவருக்கு லாபம். கேட் எழுதுபவர் அதைத் தனியே படித்துக்கொள்வார். இப்போதும் அப்படித்தான் படிக்கிறார்.

எப்படிக் கற்பது என்பதில் இரண்டு துருவங்கள் உண்டு. கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா 1988இல் எழுதிய ஒரு குறிப்பில், முதலாண்டு மாணவர் நிரலை ஓட்டிப் பார்க்கவே கூடாது, பிரெடிகேட் கணிதத்தால் நிறுவிக்கொண்டே எழுத வேண்டும் என்றார். துணிச்சலான யோசனை, எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. மறுபக்கம் பார்வைஸும் எட்செமெண்டியும் உருவாக்கிய ‘டார்ஸ்கிஸ் வேர்ல்டு’: திரையில் கனசதுரங்களும் கூர்ங்கோபுரங்களும் நிற்கும், மாணவர் குறியீட்டில் கூற்று எழுதுவார், அந்த உலகில் அது மெய்யா பொய்யா என்று உடனே தெரியும். அவர்களுடைய தானியங்கித் திருத்தியில் சேர்ந்த ஏராளமான விடைகளை ஆராய்ந்தபோது, நிபந்தனைக் கூற்றின் முன்னும் பின்னும் இடம் மாறிப்போவது மிகச் சாதாரணமான பிழை என்று தெரிந்தது. இப்போது லீன் என்ற நிறுவல் கருவியை வைத்து 2019இல் வந்த இயல் எண் விளையாட்டும் இருக்கிறது. தொகுத்தறிதலை உலாவியிலேயே விளையாடிக் கற்கலாம். வகுப்பு விட்டுப்போனவருக்கு ஐஐடி மெட்ராஸின் கமலா கிருதிவாசன் நடத்திய என்பிடெல் பாடங்கள் உண்டு. பழைய பாணி, ஆனால் அவசரமில்லாமல் போகும்.

கருவி எதுவானாலும் தேர்வு மாறாமல் பலனில்லை. கேள்வித்தாளில் ‘மெய்மம் (எப்போதும் மெய்யாகும் கூற்று) என நிறுவுக’ என்று வந்துகொண்டே இருக்கும்வரை மாணவர் அதைத்தான் படிப்பார். அது அவர் குற்றமில்லை.

நூலக, தகவல் அறிவியல் முதுகலை படிக்க வருபவர்களின் நிலை வேறு. வரலாறு, தமிழ், வணிகம் என்று எந்தப் பட்டத்திலிருந்தும் வருகிறார்கள். தனிநிலைக் கணிதத்துக்குத் தனித் தாள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் தேடல் பெட்டியில் ‘அண்டு’, ‘ஆர்’, ‘நாட்’ போட்டுப் பிறருக்குத் தேடித்தரப் போவது அவர்கள்தான். “மதுரையும் திருச்சியும் பற்றிய கட்டுரைகள் வேண்டும்” என்று வாசகர் கேட்டால், அவருக்கு வேண்டியது பெரும்பாலும் சேர்ப்பு. பெட்டியில் ‘அண்டு’ போட்டால் கிடைப்பதோ வெட்டு, அதாவது இரண்டு ஊரும் ஒன்றாக வரும் கட்டுரைகள் மட்டும். குறியீடே இல்லாமல், கணப் படங்களும் தேடல் பெட்டியும் பெயர்ப் பட்டியலும் கொண்டு இருபது மணி நேரத்தில் இவர்களுக்கு வேண்டியதை நடத்திவிடலாம். ரங்கநாதன் ஏற்கெனவே அவர்கள் பாடத்தில் இருக்கிறார். அவரையே கணக்கு வாத்தியாராகவும் வைத்துக்கொள்ளலாம்.

இன்று வினவலை எழுதித் தரச் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அது எழுதித் தரும் ‘நாட் இன்’ வினவல் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். பதிவேட்டில் வெற்று வரி இருக்கிறதா என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதும் வேலை குறைந்து வாசித்துச் சரிபார்க்கும் வேலை கூடியிருக்கிறது. எனவே அடுத்த இண்டர்னல் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதுபவர், ஒரு மெய்மக் கேள்வியை எடுத்துவிட்டு இதை வைத்துப் பார்க்கலாம்: ஐந்து வரிகொண்ட ஒரு இரவல் பதிவேடு, அதில் ஒரு வரி வெற்று, கீழே இரண்டு வினவல்கள், ஒன்று ‘நாட் இன்’, ஒன்று ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’. இரண்டும் ஒரே விடை தருமா? தராது எனில், எந்த வரிசையில், எந்த மதிப்பால்? எட்டு மதிப்பெண்.